கடைசியா வந்தவங்க ஏத்துற விளக்கு

காலை நீட்டு கண்ணு. இப்படி. ஏறின படி எல்லாம் முட்டியில வந்து உக்காந்திருக்கும், அமுக்கி விட்டா இறங்கிரும். உங்கம்மாவைப் பாரு, செருப்பைக் கழட்டினதும் தூங்கிட்டா. இந்த லாட்ஜு ஃபேன் சத்தத்துல யாருக்குத் தூக்கம் வரும்னு நெனச்சேன். கிரீச், கிரீச். அவளுக்கு வந்துருச்சு. எனக்கும் கண்ணு சொக்குது, ஆனா உனக்குக் கதை சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டேனே.

ஜன்னல் வழியா பாரு. தெரியுதா, அந்தக் கோட்டை வாசல்? பகல்ல அங்க ஒரு மாடக்குழிக்குள்ள கையை விட்டு, விரல் எல்லாம் கருப்பாக்கிட்டு வந்தியே. இது என்ன கரின்னு கேட்டியே. இப்பச் சொல்றேன். நீ "ம்" சொல்லிக்கிட்டே வரணும். உன் "ம்" நின்னா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சாம். வீடு, குளம், கோயில், சந்தை எல்லாம் மதிலுக்கு உள்ள. காடும் வயலும் மதிலுக்கு வெளிய. போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே வாசல், அந்த வாசலுக்கு இந்த ஒரு கதவு. யானை வந்து முட்டினாலும் அசையாது. உடம்பு பூரா இரும்பு முள்ளு. நாள் முழுக்க நின்னு நின்னு அதுக்கே கால் வலிக்குமாம். சாயங்காலம் இழுத்துச் சாத்துறப்ப "கிர்ர்ர்ர்... அம்மாடீ!"ன்னு ஒரு முனகல் முனகுமாம்.

அந்தக் கதவுக்கு ஒரு காவக்காரன், பேரு சடையன். அவனும் களைச்சுப் போன ஆளு தான். கதவு மேல அவன் சாஞ்சுக்குவான், அவன் மேல கதவு சாஞ்சுக்கும்.

அப்புறம், அந்தக் கோட்டையில ஒரு முறை இருந்துச்சு. பொழுது இறங்கினதும் சடையன் வாசல்ல நின்னு வழியைப் பாத்து மூணு தடவை கூப்பிடுவான். "வர்றவங்க உண்டாஆஆ?" மூணாவது கூப்பாட்டோட கதவைச் சாத்திருவான். அன்னைக்கு யாரு கடைசியா உள்ள காலு வெச்சாங்களோ, அவங்க தான் மாடக்குழி விளக்கை ஏத்தணும். ஏத்திட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. விடியற வரைக்கும் அங்கயே உக்காந்து, எண்ணெய் ஊத்தி, திரியைத் தூண்டி, அணையாமப் பாத்துக்கணும்.

"ஏன்?"

மலைமேல காவல் இருக்கிறவங்களுக்கு அந்த வெளிச்சம் தெரியணும் கண்ணு. விளக்கு எரிஞ்சா கதவு பத்திரம்னு அர்த்தம். அணைஞ்சா பகையாளி வந்துட்டான்னு முரசைக் கொட்டிருவாங்க.

"கடைசியா வந்தவங்க ஏன்?"

வழியில இன்னும் யாரும் மிச்சம் இல்லைன்னு கடைசியா வர்றவங்களுக்குத் தானே தெரியும்? அதுக்காக எந்தக் காலத்துலயோ ஒரு ராசா சொல்லி வெச்சது. நல்லதுக்குத் தான் சொன்னாரு. ஆனா கூடவே இன்னொன்னும் சொல்லிட்டாரு. விளக்கை யாரு அணைய விட்டாங்களோ, அவங்களை விடிஞ்சதும் வெளிய அனுப்பிரணும், திரும்ப உள்ள சேக்கக் கூடாதுன்னு.

ம்?

"ம்."

பகலெல்லாம் வயல்ல முதுகொடிய வேலை செஞ்சவங்களால ராத்திரி கண்ணு முழிக்க முடியுமா? அதனால யாருக்கும் கடைசியா வர விருப்பமில்லை. பொழுது சாயுறதுக்குள்ள தட தட தடன்னு ஒரே ஓட்டம். மம்முட்டி ஒருத்தன் தோள்ல, அது இடிச்ச வீக்கம் இன்னொருத்தன் தலையில. நட்ட நாத்தைப் பாதியில விட்டுட்டு ஓடியாருவாங்களாம். உப்பு விக்கிற வெள்ளையன்னு ஒருத்தன். அவன் ஒருநாள் கடைசியா வந்து மாட்டிக்கிட்டான். உடனே அவன் தான் முன்னால உள்ள வந்து நின்னுக்கிட்டு, கழுதையைப் பின்னால விட்டு, "அண்ணே, கடைசி இது தான். இதை உக்கார வெச்சுக்குங்க"ன்னானாம்.

சடையன் கழுதையைப் பாத்தான். கழுதை சடையனைப் பாத்துச்சு.

"கழுதை திரி தூண்டுமாடா?"

"சொல்லிக் குடுத்தாத் தூண்டும்ணே."

"அப்ப நீயே உக்காந்து விடிய விடியச் சொல்லிக் குடு!"

சிரிச்சது போதும், கண்ணை மூடிக்கிட்டே கேளு.

அப்போ, அந்தக் கோட்டைக்கு ரொம்ப தூரத்துல, ஆத்துக்கு அக்கரையில பவளாயின்னு ஒரு அம்மா இருந்தா. பெத்த புள்ளைங்க எல்லாம் ஆளாகி அங்கங்க போயாச்சு. கடைசி மக செவந்தியை இந்தக் கோட்டைக்குள்ள தான் கட்டிக் குடுத்திருந்தா. செவந்தி வாயும் வயிறுமா இருந்தா. தலைப்பிரசவம்னா தாய்வீடு தானே? ஆனா அந்த வருசம் பாத்து ஆத்துல வெள்ளம். நெறமாசப் பொண்ணை எப்படி அக்கரைக்குக் கூட்டிட்டு வர்றது? செவந்திக்கு மாமியாரும் இல்லை. புருசனுக்கு மலைமேல காவல். வீட்ல ஒத்தையில கெடக்கறா.

வளைகாப்பு அன்னைக்கு மக பயந்து அழுதப்போ பவளாயி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. "வலி எடுக்குறப்ப உன் கை என் கையில இருக்கும்டி. பயப்படாதே."

அந்த வார்த்தை அவ நெஞ்சுல முள்ளா நின்னுச்சு. தெனமும் ஆத்தங்கரையில போய் நிப்பா. தண்ணி வடிஞ்சுதா, வடிஞ்சுதான்னு பாப்பா. ஒருநாள் இடுப்பளவுக்கு வடிஞ்சுது. அவ்வளவு தான். மாரியாத்தாளுக்கு ஒரு கும்பிடு போட்டா. சுக்கு, கருப்பட்டி, துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பழைய சேலை எல்லாம் ஒரு மூட்டையாக் கட்டித் தலையில வெச்சா. சளக் சளக்குன்னு ஆத்தைக் கடந்தா. நடந்தா, நடந்தா, நடந்தா. வெயில் ஏறிச்சு, நடந்தா. வெயில் இறங்கிச்சு, நடந்தா. பாதம் ரெண்டும் விண்ணு விண்ணுங்குது. புளியமரத்தைப் பாத்தா "உக்காரேன்"னு மரம் கூப்புடுற மாதிரி இருக்கு. உக்காந்தா எந்திரிக்க மாட்டோம்னு தெரியும். உக்காரலை.

தூரத்துல கோட்டை வாசல் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் பாதி உசுரு வந்துச்சு.

ம் சொல்லு.

"ம்."

அப்போ, வழியில ஒருத்தன் நிக்கறான். பக்கத்துல கழுதை. உப்பு மூட்டை சரிஞ்சு கீழ கெடக்கு. யாருன்னு நெனைக்கிற?

"வெள்ளையன்!"

அவனே தான். "அக்கா, அக்கா, ஒரு கை தூக்கி விடுங்கக்கா! பொழுது போகுது, இன்னைக்கும் நான் தான் கடைசின்னா என் பொண்டாட்டி என்னையக் கழுதையோட கட்டிருவா!" பவளாயிக்கு இடுப்பே கழண்டு விழுற மாதிரி இருந்துச்சு. ஆனாலும் தலை மூட்டையை இறக்கி வெச்சுட்டு, ஏலேலோன்னு ஒரு புடி புடிச்சுத் தூக்கி விட்டா. அவன் என்ன செஞ்சான்? "நீங்க மகராசியா இருக்கணும்"னான். சொல்லிக்கிட்டே கழுதையை ஓட்டிக்கிட்டு டக்கு டக்கு டக்குன்னு அவளுக்கு முன்னால ஓடியே போயிட்டான்.

அப்புறம், கொஞ்ச தூரம் போனா ஒரு பொம்பளை பாதத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. காலுல கருவேல முள்ளு. "ஆத்தா, எனக்குக் கண்ணு கிட்டத்துல தெரியாது, எடுத்து விடுங்க." பவளாயி குனிஞ்சா. குனிஞ்சா நிமிர முடியலை. இருந்தாலும் சேலை ஊசியை எடுத்து, பதனமா நெம்பி, முள்ளை எடுத்து விட்டா. முள்ளு வெளிய வந்துச்சோ இல்லையோ, அந்தப் பொம்பளை மான் மாதிரி விர்ருன்னு ஓடுறா! "வீட்ல உலை வெக்கணும், தப்பா நெனைக்காதீங்க!"

பவளாயி தப்பா நெனைக்கலை. நெனைக்கக் கூடத் தெம்பு இல்லை.

"வர்றவங்க உண்டாஆஆ?" முதல் கூப்பாடு.

"இருக்கேன் சாமி, வர்றேன்"னு இவ சொன்னது இவளுக்கே கேக்கலை. நடந்து நடந்து வாசலுக்கு வந்துட்டா. உள்ள காலு வெக்கப் போனா. அப்போ பக்கத்துல, கதவுக்கு வெளிய, ஒரு பெரியவர் விறகுக்கட்டு மேல தலையை வெச்சு உக்காந்திருக்கார். அவர் பேரு நல்லான். கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு.

"ஏனுங்கய்யா, இங்க உக்காந்துட்டீங்க? கதவைச் சாத்திருவாங்களே."

"சாத்தட்டும்."

"நரி வருமே."

"என்னையத் தின்னா நரிக்குப் பல்லு தான் வலிக்கும். நீ போம்மா. என்னைப் பாக்காதே."

"உள்ள வாங்கய்யா."

பெரியவர் மெதுவாச் சொன்னார். "எனக்கு நடை வேகம் கிடையாதும்மா. எல்லாரும் ஓடிப் போயிருவாங்க, கடைசியில வர்றது நானாத்தான் இருக்கும். இப்பல்லாம் தெனமும் நான் தான் உக்கார்றேன். தெனமும் நான் தான் முழிச்சிருக்கேன். நேத்து மூணு தரம் கண்ணு சொருகிருச்சு. இன்னைக்கு உக்காந்தா தூங்கிருவேன், நிச்சயமாத் தூங்கிருவேன். தூங்கினா விளக்கு போயிரும். விளக்கு போனா எனக்கு ஊரு போயிரும். உள்ள எனக்குன்னு ஒரு குடிசை தான் இருக்கு. அதையும் இழக்கறதுக்கு, ஒரு ராத்திரி வெளிய கெடந்துட்டுப் போறேன்."

"வர்றவங்க உண்டாஆஆ?" ரெண்டாவது கூப்பாடு.

பவளாயி வாசலைப் பாத்தா. உள்ள தூரத்துல வீட்டுக் கூரைங்க மேல புகை போகுது. அதுல ஒரு கூரை செவந்தியோடது. ஒரு எட்டு வெச்சா உள்ள. இவரை விட்டுட்டு வெச்சா ராத்திரி இவர் நரிக்கு நடுவுல. இவரை முன்னால விட்டா இவ தான் கடைசி. விடியற வரைக்கும் விளக்கு. அதுக்குள்ள மகளுக்கு வலி எடுத்துட்டா? குடுத்த வாக்கு?

அவளுக்கு அழுகை வந்துச்சு. கண்ணை மூடி நின்னா. "ஆத்தா, மாரியாத்தா! என் மகளை நீ பாத்துக்க. இவரை நான் பாத்துக்கறேன்."

கண்ணைத் தொறந்தா. "எந்திரிங்கய்யா"ன்னு அவர் கையைப் புடிச்சுத் தூக்கினா. விறகுக்கட்டைத் தூக்கித் தன் மூட்டை மேல வெச்சுக்கிட்டா. அவரை முன்னால விட்டா, அவ பின்னால காலு வெச்சா.

"வர்றவங்க உண்டாஆஆ?" மூணாவது கூப்பாடு.

கிர்ர்ர்ர்... அம்மாடீ! டமார். கதவு சாத்தியாச்சு.

கண்ணு? தூங்கிட்டியா?

"இல்ல. செவந்தி?"

வர்றேன், வர்றேன். சடையன் வந்து பாத்தான். "யாரும்மா, வெளியூரா? நீ தான் கடைசியா?" இவ நெலைமை எல்லாம் சொன்னா. அவன் தலைப்பாகையை அவுத்து முகத்தைத் தொடைச்சான். "மனசு கேக்கலை தான். ஆனா முறைன்னா முறை. நான் கதவை விட்டு நகரக் கூடாது, நீ விளக்கை விட்டு நகரக் கூடாது. நான் என்ன செய்ய, சொல்லு."

நல்லான் பெரியவர் திரும்பி வந்தார். "உன் மக வீடு எங்கம்மா?"

"குளத்துக்கு அந்தாண்ட, வேப்பமரத்து வீடுங்கய்யா. ஆனா நீங்களே தூங்கி எத்தனை நாளாச்சோ..."

"என் காலு மெதுவாத்தான் போகும். ஆனா போகும்." சரக், சரக், சரக்குன்னு காலை இழுத்துக்கிட்டு இருட்டுக்குள்ள போயிட்டார்.

பவளாயி விளக்கை ஏத்தினா. கல்லு மேல சாஞ்சு உக்காந்தா. உக்காந்ததும் ஒடம்பு பூரா "அப்பாடா"ன்னுச்சு. தூக்கம் வந்து பக்கத்துல உக்காந்துக்கிச்சு. "என்னம்மா பவளாயி, சௌக்கியமா?"ன்னு கேக்குது. கண்ணு சொக்குச்சு, விளக்கு சொக்குச்சு. திடுக்குன்னு முழிச்சு, தொடையில ஒரு கிள்ளு கிள்ளிக்கிட்டுத் திரியைத் தூண்டினா.

அப்புறம் மறுபடியும் வந்துச்சு தூக்கம். இந்தத் தடவை மடியிலயே உக்காந்துக்கிச்சு. அவ மாரியாத்தா பாட்டை முனகினா. பாட்டுல பாதியை மறந்து, மறந்த எடத்துல எல்லாம் "செவந்தி, செவந்தி"ன்னு போட்டுப் பாடினா. திரியைத் தூண்டினா.

மூணாவது தடவை வந்த தூக்கம் ஒண்ணுமே பேசலை. சும்மா, பெத்த தாய் மாதிரி, தலையைத் தடவிச்சு. பவளாயி தலை சாஞ்சுது. கையிலருந்து குச்சி நழுவுச்சு. திரி கீழ போச்சு, கீழ போச்சு... நீலமாயிருச்சு... ஒரு பொட்டு மாதிரி ஆயிருச்சு...

"ம்! அப்புறம்?"

அப்போ ஒரு கை வந்து குச்சியை எடுத்து, திரியைத் தூண்டி விட்டுச்சு. குப்புன்னு வெளிச்சம். "அம்மா... திரி இறங்குதும்மா."

பவளாயி கண்ணைத் தொறந்து பாத்தா, எதிர்ல செவந்தி!

எப்படி வந்தா? நல்லான் பெரியவர் போய்ச் சொன்னாருல்ல. செவந்திக்கு அப்பத்தான் லேசா இடுப்பு வலி. "எங்கம்மா வாசல் வரைக்கும் வந்துட்டாங்களா? அவங்களால இங்க வர முடியாதுன்னா நான் அங்க போறேன். விளக்குக்கிட்ட இருக்கிறவங்க தானே வீட்டுக்குப் போகக் கூடாது? வீட்ல இருக்கிறவங்க விளக்குக்கிட்ட வரக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!" பேச்சுச் சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கதவைத் தொறந்துச்சு. வெள்ளையன் எட்டிப் பாத்தான். "எந்தம்மா? எனக்கு மூட்டை தூக்கி விட்டாங்களே, அந்த அக்காவா?" முள்ளுக் குத்தின பொம்பளையும் வந்தா. "அய்யய்யோ, என் முள்ளை எடுத்தவங்களா?" ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கலை. வெள்ளையன் சத்தமில்லாமப் போய்க் கழுதையை அவுத்துட்டு வந்தான். செவந்தி அது கழுத்தைக் கட்டிக்கிட்டே நடந்தா. கழுதை அன்னைக்கு ஒரு குலுக்கல் குலுக்கலையாம். அவ நின்னா அதுவும் நிக்கும்.

அத்தனை காலமா ராத்திரியில அந்த வாசலுக்கு யாரும் துணைக்கு வந்ததே இல்லை. விளக்குக்கு ஆள் இருக்குன்னு அவங்கவங்க வீட்ல தூங்கிட்டாங்க. அன்னைக்குத் தான் வந்தாங்க.

வந்ததும் செவந்திக்கு வலி பலமாயிருச்சு. இனி எங்க போறது? மாடக்குழியை ஒட்டின தன்னோட காவல் அறையைச் சடையன் தொறந்து விட்டான். முள்ளுக் குத்தின பொம்பளை வெந்நி வெச்சா. பவளாயிக்கு ஒரு கையில மக கை, இன்னொரு கையில திரி தூண்டுற குச்சி. குடுத்த வாக்கும் ஒரு கையில, ஊரு முறையும் ஒரு கையில. "புடிச்சுக்கடி, என் கையை நெரிச்சுப் புடிச்சுக்க, எனக்கு வலிக்காது." "ஆத்தா!"ங்குறா மக. "ஆத்தா!"ங்குறா தாய்.

ங்ஙே! ங்ஙே!

"பையனா, பொண்ணா?"

பொண்ணு. தங்கமாட்டம் ஒரு பொண்ணு. அந்தக் கதவே முனகலை நிறுத்திட்டுக் கேட்டுச்சாம். பவளாயி பழைய சேலையை விரிச்சு, கொழந்தையைச் சுத்தி, மக பக்கத்துல படுக்க வெச்சா. அப்புறம் மறுபடியும் விளக்குக்கிட்ட தள்ளாடிக்கிட்டுப் போனா. விடியலையே இன்னும்.

சடையன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். "ஏம்மா பவளாயி, இன்னைக்கு இந்தக் கோட்டைக்குள்ள கடைசியா வந்தது யாரு?"

"நான் தானுங்க."

"இல்லை. உனக்குப் பின்னால ஒரு ஆளு வந்திருக்கு. கதவைச் சாத்தின பொறவு, என் கண்ணு முன்னால, என்னைக் கேக்காமயே உள்ள வந்திருச்சு." காவல் அறைப் பக்கம் கையைக் காட்டினான். "அவங்க தான் கடைசி. இன்னைக்கு விளக்கு அவங்களோடது."

வெள்ளையன் விடுவானா? "ஏண்ணே, பச்சைக் கொழந்தை திரி தூண்டுமா?"

"கழுதையும் தூண்டாது, கொழந்தையும் தூண்டாது. அன்னைக்குக் கழுதைக்காக நீ உக்காந்தல்ல? இன்னைக்குக் கொழந்தைக்காக உக்காரு."

வெள்ளையன் பவளாயி கையிலருந்து குச்சியை வாங்கிக்கிட்டு உக்காந்தான். "உனக்கு அப்புறம் நான்"னா அந்தப் பொம்பளை. நல்லான் பெரியவர் "அப்ப நான்?"னு கேட்டுக்கிட்டே விறகுக்கட்டு மேல தலையை வெச்சார். கொர்ர்ருன்னு சத்தம் தான் வந்துச்சு. யாரும் எழுப்பலை.

பவளாயி மக பக்கத்துல போய்ப் படுத்தா. அவ கையை எடுத்துத் தன் கையில வெச்சுக்கிட்டா. மாரியாத்தாளுக்குக் கும்பிடு போடணும்னு நெனச்சா. நெனைக்கிறதுக்குள்ள தூங்கிட்டா. அதையே கும்பிடா ஏத்துக்கிட்டாளாம் ஆத்தா.

அன்னையிலருந்து, கடைசியா வர்றவங்க விளக்கை ஏத்தி வெச்சாப் போதும். ஏத்திட்டுத் தலையைச் சாய்ச்சுக்கலாம். வீட்டுக்கு ஒருத்தரா மாத்தி மாத்தி வந்து திரியைப் பாத்துக்குவாங்க. அதுக்கப்புறம் யாரும் தட தடன்னு ஓடலை. நல்லான் பெரியவர் அவர் நடையில வந்தார். எத்தனையோ பேரு, எத்தனையோ ராத்திரி, அந்த மாடக்குழியில எண்ணெய் ஊத்தி ஊத்தி... அந்தக் கரி தான் கண்ணு, இன்னைக்கு உன் விரல்ல ஒட்டினது.

ம்?

...ம்?

சரி. கதை உள்ள வந்திருச்சு, கதவைச் சாத்தியாச்சு. திரியை நான் பாத்துக்கறேன், நீ தூங்கு.